நீ விசில் ஊதவில்லை

பாப்பா,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள். நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் போனில் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், நீ நலம்தான். என் எழுத்தைப் பற்றி உனக்குத் தெரியும். பத்தாவது, அதற்கு மேல் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. அப்புறம் சுரங்கத்தில் முப்பத்து மூன்று வருஷம் நான் எழுதியதெல்லாம் ஷிப்ட் முடியும்போது லாக் புத்தகத்தில் நாலு வரி: பெல்ட் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது. அதில் அந்த ‘ஏன்’ கட்டத்தை நிரப்புவதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு கட்டம்தான் என்று வைத்துக்கொள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய். நான் பயந்துபோய் ‘சாப்பிட்டியா’ என்று பேச்சை மாற்றிவிடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று நீ அம்மாவிடம் சொன்னாய், வரப்போகிற போட்டிக்குப் பாதுகாப்புப் படகு ஓட்டக் கலியமூர்த்தியைக் கூப்பிடலாமா என்று நடத்துகிறவர்கள் கேட்டார்கள், ‘அவரு வந்தா நான் தண்ணியிலயே எறங்க மாட்டேன்னு சொல்லிட்டேம்மா’ என்று. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனை வைத்ததும், “இன்னொருத்தர் மேல பழியைப் போட்டுட்டு உங்களுக்கு எப்படிங்க சோறு எறங்குது?” என்றாள். எனக்குச் சோறு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். இதை நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். போட்டி நடத்துகிறவர்களுக்கும், உன்னோடு துடுப்புப் போடுகிற பிள்ளைகளுக்கும் காட்டு. யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமே. பரண்மேல் இருந்ததை எல்லாம் இறக்கியபோது உன் பலகை கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி இரண்டாம் வருஷம் ஒரு நாள் கடலூரிலிருந்து வந்து, கயாக் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாய். செல்லில் படம் காட்டினாய். வாழைக்காய் மாதிரி நீளமாக, நடுவில் ஒரு ஓட்டை. “இதுல எத்தனை பேர் உக்காரலாம்?” என்றேன். “ஒருத்தர்தாம்ப்பா.” “கவுந்தா?” என்றாள் அம்மா. “கவுந்தா எழுந்துக்கணும். அதாம்மா மொதப் பாடமே” என்றாய். நாங்கள் சிரித்தோம். அந்தப் பதிலை நான் அன்றே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

படகில் இடுப்பு ஆடினாலும் தோள் ஆடக் கூடாது, அதற்கு வீட்டிலேயே பழக வேண்டும் என்றாய். நான் வடலூரில் பழைய இரும்புக் கடைக்குப் போய், பெல்ட்டுக்கு அடியில் உருளுமே அந்த மாதிரி ஒரு உருளையைத் தேடிப் பிடித்து வந்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தேன். நீ அதன்மேல் உட்கார்ந்து துடைப்பக் கட்டையைத் துடுப்பாக வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுவாய். உனக்கு எப்படிச் செய்வதென்று காட்டுகிறேன் பேர்வழி என்று நான் ஏறி உட்கார்ந்து, முருங்கை மரத்தடியில் மல்லாந்து விழுந்ததும், எதிர் வீட்டு மலையாள டீச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “சாரே, சர்க்கஸ்ல சேந்தாச்சா?” என்று கேட்டதும் அப்புறம் பிளாக் முழுக்கத் தெரிந்த கதை. நேற்று அந்தப் பலகையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உன் போட்டி நம்பர் துணி நாலாக மடித்து ஒட்டியிருந்தது. பதினேழு. அந்தப் போட்டியன்று தண்ணீரிலிருந்து வந்தவுடன் உருவி எறிந்தாயே, அதேதான். யார் எடுத்து அங்கே வைத்தது என்று அம்மாவைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி ஆற்று முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கேதான் கலியமூர்த்தி. அவருடைய ஃபைபர் படகு மணலில் கிடக்கும். அவர் அதன் நிழலில் கிடப்பார். நீ தண்ணீரில் இறங்கினால் அவரும் படகை இறக்கிக்கொண்டு பின்னால் வருவார். உங்கள் பயிற்சியாளர் துடுப்பைச் சொல்லிக் கொடுத்தார். காற்றைச் சொல்லிக் கொடுத்தது கலியமூர்த்திதான், அதை நீ மறுக்க மாட்டாய். “கைல பலம் இருக்கறப்பவே காத்த எதிர்த்துப் போயிடு பாப்பா. திரும்பறப்ப அதே தள்ளிக்கினு வரும். மாத்திப் பண்ணினியோ, சாயந்தரம் ஒங்க அப்பா மகாபலிபுரத்துல வந்துதான் உன்னத் தேடணும்” என்பார். எதிர்க்காற்றும் பின்காற்றும் நேர்மையானவை, பக்கத்தில் அடிக்கிற காற்றைத்தான் நம்பக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். பத்து மணிக்கு மேல் தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பி, கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை உடையும். உன் படகின் மூக்கு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பும். நீ ஒரு பக்க இடுப்பை அழுத்தி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவாய். கரைக்கு வரும்போது கட்டைவிரலில் சுற்றிய பிளாஸ்திரியெல்லாம் உப்பில் ஊறித் தொங்கும். அக்குளில் தோல் உரிந்திருக்கும். நான் துண்டைப் போர்த்தி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தருவேன். எனக்குத் தெரிந்த பயிற்சி அவ்வளவுதான்.

இப்போது ஒரு சுரங்கக் கதை சொல்ல வேண்டும். நீ நூறு தடவை கேட்டதுதான். ஆனால் மற்றவர்களுக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேனே, அவர்களுக்காக. பெல்ட் என்பது சுரங்கத்துக் குழியிலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதன் ஓரமாக, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கூடவே போகும். எங்கே நின்றாலும் கைக்கு எட்டும். ஏதாவது தப்பாகக் கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இழுத்தவனைத் திட்டக் கூடாது. அது எழுதாத சட்டம். ஒருவனை ஒரு நாள் திட்டினால், மறுநாள் இழுக்க வேண்டியவன் யோசிப்பான். யோசிக்கிற நேரத்தில் ஒரு கை போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரிக்கு நடுவே ஐந்து விரல் நீட்டிக்கொண்டு ஒரு கை வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். லைன் மொத்தமும் நின்றது. சங்கு ஊதி, ஆட்கள் ஓடிவந்து, கரியை விலக்கிப் பார்த்தால் ரப்பர் கையுறை. உள்ளே களிமண் நிரம்பி ஐந்து விரலும் புஷ்டியாக இருந்தன. ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர், கோபக்காரர். வந்தார், பார்த்தார். “நல்ல காரியம் பண்ணீரு. நாளைக்கும் இப்படித் தெரிஞ்சா நாளைக்கும் இழும்” என்று சொல்லிவிட்டு, மெஷினுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு மாசம் கேண்டீனில் எல்லோரும் மண் நிரப்பிய கையுறையைத்தான் எனக்குக் கைகுலுக்கக் கொடுத்தார்கள். ஆனால் ஒருத்தனும் திட்டவில்லை. ரிட்டையர் ஆகும்வரை எங்கள் ஷிப்டில் அதிகமாகக் கயிறு இழுத்த ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை. சந்தேகம் வந்தால் இழு. அது என் கைக்குள்ளேயே போய்விட்டது. வீட்டிலும் அப்படித்தான். நீ சைக்கிள் கற்றபோது கேரியரை நான் விடவே இல்லை. ஐந்தாவது நாள் நீ இறங்கி, “அப்பா, சைக்கிள நீயே ஓட்டிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தப் போட்டி நாளுக்கு வருகிறேன். நடத்துகிறவர்கள் ஆள் போதவில்லை என்று கேட்டதும், சுரங்கத்தில் வாக்கி-டாக்கி பிடித்த அனுபவம் உண்டு என்று பெருமையாகக் கையைத் தூக்கியவன் நான். கரைப் பந்தலில் உட்கார்த்தி, பைனாகுலர் ஒன்றும் வாக்கி ஒன்றும் கொடுத்தார்கள். இரண்டாவது மிதவையைச் சுற்றுகிற நம்பர்களைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மிதவைக்குப் பக்கத்தில் கலியமூர்த்தியின் படகு நின்றது. பேச்சு எனக்கும் அவருக்கும்தான். புறப்படும் முன் எல்லோருக்கும் விதியைச் சொன்னார்கள். நானும் காதால் கேட்டேன். கவிழ்ந்தவர் விசில் ஊதினாலோ, துடுப்பை நிமிர்த்திப் பிடித்தாலோதான் படகு கிட்டே போக வேண்டும். படகு தொட்டுவிட்டால் போட்டி முடிந்தது. விசில் உன் ஜாக்கெட்டில், இடது தோளுக்குக் கீழே, ஆரஞ்சு நிறத்தில் தொங்கிற்று. காலையில் நானே அதை ஊதிப் பார்த்துக் கொடுத்தேன்.

நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் சோழகம் பக்கத்திலிருந்து பிடித்தது. ஒரு அலை உன்னைத் தூக்கி, அடுத்தது அடியில் தட்டியது. கண்ணாடிக்குள் உன் தலை போய், படகின் வயிறு தெரிந்தது. ஒரு தடவை உருண்டு எழப் பார்த்தாய். பாதி வந்து மறுபடி போய்விட்டாய். பிறகு ஒரு அலை வந்து எல்லாவற்றையும் மறைத்தது. நான் எண்ணினேன். பன்னிரண்டு வரைக்கும் எண்ணினேன் என்று நினைவு. நாலாகவும் இருக்கலாம்.

பாப்பா, வாக்கியை அழுத்தி, “போய் தூக்குங்க, தூக்குங்க, ஒடனே போங்க” என்று சொன்னது நான்.

“இருங்க சார். தலை தெரியுது. ஏறிக்கினுதான் இருக்குது” என்றார் கலியமூர்த்தி. “ஆர்டர் சொல்றேன், போய்யா!” என்று கத்தினேன். ஆர்டர் போட எனக்கு என்ன அதிகாரம்? நம்பர் குறிக்க உட்கார்ந்தவன். அவருக்கு அது என் குரல் என்று தெரிந்தது. இருந்தாலும் கரையிலிருந்து சொன்னால் போக வேண்டியதுதான் அவர் வேலை. எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் அவசரத்தில் வாக்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அதனால் நீ கத்தியது அப்படியே என் கைக்குள் கேட்டது. “வுடுங்கண்ணே! தொடாதீங்க! நான் ஏறிட்டேன், தொடாதீங்க!” ஒரு கால் உள்ளே போட்டிருந்தாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்னும் அரை நிமிஷம் போதும். அவர் படகைப் பிடித்துவிட்டார்.

கரைக்கு வந்து துடுப்பை மணலில் வீசினாய். நேராக அவர் முன்னால் போய் நின்றாய். “நான் விசில் ஊதுனனா? சொல்லுங்க, ஊதுனனா? பொண்ணுன்னுதான தூக்குனீங்க? அந்தப் பசங்க கவுந்தப்போ சும்மாதான நின்னீங்க?” நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். “பயந்துட்டேன் பாப்பா” என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், திரும்பி வரும்போது குறிஞ்சிப்பாடி கேட்டில் ரயிலுக்காக நின்றபோது, நீ பின்னால் அழுதுகொண்டிருந்தாய். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, “படகுக்காரன் அவசரப்பட்டுட்டான் போல” என்றேன். அந்த வாக்கியத்துக்குக் கயிறு இல்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த வருஷத்திலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. பதற்றக்காரர் என்று பேர் வந்துவிட்டது. அந்த முகத்துவாரத்தில் மணல்திட்டு எந்த வாரம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷன், பதற்றக்காரர். இந்தத் தடவை போட்டிப் பாதை இன்னும் நீளம், முகத்துவாரத்துக்கு வெளியே போய் வர வேண்டும் என்கிறாய். அவர் இல்லாமல் நீ அதில் இறங்கப் போகிறாய், அதற்குக் காரணம் நான். தூக்கச் சொன்ன அன்று உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். இப்போது கணக்கு நேர் எதிராக வந்து நிற்கிறது.

ரிட்டையர் ஆன மறுவாரமே அவரைப் பார்க்கப் போய்விட்டேன், உனக்குத்தான் சொல்லவில்லை. வெறும் கையோடு போகக் கூச்சமாக இருந்து, பண்ருட்டிக்குச் சுற்றிக்கொண்டு போய் ஒரு பலாப்பழம் வாங்கி, பின் சீட்டில் உன் அம்மா உட்காரும் இடத்தில் கட்டிக்கொண்டு போனேன். அவர் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மூணு வருசம் பழுக்க வெச்சிருந்தீங்களா சார்?” என்றார். ஏன் அன்றைக்குப் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “பாப்பா எங்கிட்ட ஒரு நாள் கோச்சிக்கும், போயிடும். நீங்க வூட்ல இருக்கிற ஆளு. தெனம் மூஞ்சியில முழிக்கணுமே” என்றார். ஒரு நாள் என்று நினைத்தாராம். மன்னிப்புக் கேட்டேன். அவர் மரத்தடியில் கிடந்த பழைய கயாக் ஒன்றைக் காட்டி, “அதுல ஏறுங்க” என்றார்.

ஆற்றுப் பக்கம், அலை இல்லாத இடம். ஜாக்கெட் மாட்டி, விசிலைக் காட்டி, “வேணும்னா ஊதுங்க” என்றார். அவர் தன் படகில் பத்தடி தள்ளி நின்றார். நான் நாலு துடுப்புப் போட்டேன். ஐந்தாவது துடுப்பு வானத்தில் இருந்தது, நான் கீழே இருந்தேன். மூக்கு முழுக்க உப்புத் தண்ணீர். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே: பயம் நினைத்த அளவுக்கு இல்லை. செய்ய வேண்டிய வேலை இருந்தது. காலை உருவ வேண்டும், ஓரத்தைப் பிடிக்க வேண்டும், தலையை வெளியே கொண்டுவர வேண்டும். கரையில் பைனாகுலரோடு இருந்தபோது எனக்கு ஒரு வேலையும் இல்லை. பயம் முழுக்க அங்கேதான் இருந்தது. மேலே வந்து, இருமி, மூன்று தடவை ஏறப் பார்த்து மூன்று தடவையும் வழுக்கி, நாலாவது தடவை எருமை கரையேறுகிற மாதிரி ஏறிப் படுத்தேன். பார்த்தால் கலியமூர்த்தி அதே பத்தடியில் சிலை மாதிரி நிற்கிறார்.

“ஏன்யா, தூக்க மாட்டியா?” என்று கத்தினேன்.

“நீங்க விசில் ஊதலியே சார்” என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் படகைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வரும்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். பற்ற வைக்காத பீடி ஒன்று உள்ளங்கையில் தூளாகிக் கிடந்தது. “இன்னா நெனச்சீங்க? சும்மா நிக்கறது சுலபம்னா?” என்றார். உனக்குப் பின்னால் கடலில் நின்ற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எத்தனை பீடியை நசுக்கினார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பெல்ட்டில் கயிறு எல்லோருக்கும் பொது. கடலில் அந்தக் கயிறு விசில்தான், அது கவிழ்ந்தவர் தோளில்தான் தொங்குகிறது. நான் உன் தோளில் கைவைத்து அதை இழுத்திருக்கிறேன். இழுத்தவனைத் திட்டக் கூடாது என்கிற சட்டம் சுரங்கத்தோடு சரி. நீ என்னைத் திட்டலாம். திட்ட வேண்டும்.

கேரியரைப் பிடித்த கை, துண்டு பிடித்த கை, வாக்கி பிடித்த கை எல்லாம் ஒன்றுதான். பிரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு உனக்கும் யாராவது பிரியமானவர் அமைந்து, அவர் உன் கண்ணுக்கு முன்னால் கவிழ்ந்தால், முதலில் விசில் கேட்கிறதா என்று பார். அது புத்திமதி இல்லை. எனக்குத் தெரியாமல் போன ஒன்று, அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் முகத்துவாரத்துக்கு எடுத்துப்போய்க் கலியமூர்த்திக்குப் படித்துக் காட்டினேன். தன் பேரை எழுதச் சம்மதமா என்று கேட்க வேண்டுமே. முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். “எதுக்கு சார் இவ்ளோ நீளம்? ‘நான்தான் சொன்னேன்’னு ஒரு வரி எழுதினா போதாதா?” என்றார். போதும்தான். அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இத்தனை தாள் ஆனது. போட்டிக்குக் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். “பாப்பா கூப்ட்டா வர்றேன். நீங்க கூப்ட்டா வரமாட்டேன்” என்றார். பலாக்கொட்டையைச் சுட்டு ஒரு பொட்டலம் உனக்கென்று கொடுத்திருக்கிறார், கடிதத்தோடு வருகிறது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அது ஒரே வரிதான். பந்தலில் என்னை உட்கார்த்த வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்தால் இரண்டு வரி. அன்றைக்கு நான் கரைக்கு வரலாமா, துண்டு பிடிக்கலாமா, அல்லது வீட்டிலேயே கிடக்க வேண்டுமா என்பதை நீ சொல். உன் நம்பர் துணியை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள், வேண்டுமென்றால் கேள்.

இந்தக் கடிதம் நாளை கையில் கிடைக்கும். நீ படித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். எத்தனை நாள் என்றுதான் தெரியாது. நான் போன் செய்ய மாட்டேன். அம்மாவை விட்டு விசாரிக்கச் சொல்ல மாட்டேன். சாப்பிட்டாயா என்று மெசேஜ் போட மாட்டேன். நீ தண்ணீருக்கு அடியில் இருக்கிறாய், செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பேன். எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. அதனால் கடைத்தெருவில் ஒரு டஜன் சாக்பீஸ் வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். எழுதி முடிக்கும் முன்பே ஒன்று தூளாகிவிட்டது.

அப்பா